வீட்டைப் பிடுங்கும் முன்

1941-இல் கிள்ளான், கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் பால்மரத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆர்.எச். நாதன் முன்னின்று நடத்திய அந்தப் போராட்டத்தின் கோரிக்கைப் பட்டியலில் கூலி, வேலை நேரம், பள்ளிக்கூடம், மருத்துவம் எல்லாம் இருந்தன. துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற கட்டாயத்தை ஒழிக்கச் சொன்ன கோரிக்கையை இன்றுவரை மேடைகளில் சொல்கிறோம். அதே பட்டியலில் இருந்த வேறு இரண்டு மட்டும் பேச்சில் விடுபட்டுப் போகின்றன. ஒன்று, தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூட வேண்டும். மற்றது, உறவினரும் நண்பர்களும் தடையில்லாமல் தோட்டத்துக்குள் வந்துபோக வேண்டும்.

அரசு வாடகை வீடுகளில் அக்கம்பக்கத்தாருக்குத் தொல்லை தருவோரை என்ன செய்வது என்று இன்று கேட்கிறோமே, அந்தக் கேள்வியின் இரண்டு பக்கமும் இந்த இரண்டு கோரிக்கைகளில் இருக்கின்றன. குடித்துவிட்டு வந்து லயத்தையே கலக்குபவனை அடக்க ஒரு அதிகாரம் வேண்டும். அந்த அதிகாரமே என் வீட்டுக்கு யார் வரலாம், யார் வரக்கூடாது என்று சொல்ல ஆரம்பித்துவிடக் கூடாது. முதலாவதை மட்டும் பார்ப்பவர்கள் “தூக்கி வெளியே போடு” என்கிறார்கள். இரண்டாவதை மட்டும் பார்ப்பவர்கள், பாவம் ஏழைகள் என்று சொல்லிவிட்டு, அந்த வீட்டுக்கு அடுத்த வீட்டில் இருப்பவரும் ஏழைதான் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

வட சிலாங்கூர்த் தமிழருக்கு வாடகை வீடு நேற்று வந்த விஷயம் இல்லை. பெஸ்தாரி ஜெயா, அப்போது பத்தாங் பெர்ஜுந்தை, அங்கே தென்னமரம் தோட்டத்தில்தான் 1917-இல் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தைப் போட்டார். மலாயாவைப் பற்றி அவர் எழுதிய நாவலுக்கு 1930-இல் பிரான்சில் கோன்கூர் பரிசு கிடைத்தது. மரங்களைப் பார்த்துக்கொண்டவர்களுக்குக் கிடைத்தது லயத்து வீடு. கோலசிலாங்கூரில் தொடங்கி தஞ்சோங் காராங், சுங்கை பெசார், சபாக் பெர்ணம் வரை ரப்பர், தென்னை, செம்பனை என்று பயிர்தான் மாறியது, வீட்டின் ஏற்பாடு மாறவில்லை. வேலை இருக்கும் வரை வீடு.

பழைய லயங்களில் இரண்டு வீடுகளுக்கு நடுவே இருக்கும் பலகைச் சுவர் பல இடங்களில் கூரை வரைக்கும் போகாது. பக்கத்து வீட்டு வானொலி, குழந்தையின் இருமல், கணவன் மனைவி சண்டை எல்லாம் சுவருக்கு மேலே ஏறி இந்தப் பக்கம் வரும். தண்ணீர்க் குழாய் பொது, கழிவறை பொது, வாசல் பொது. சண்டை வராமல் இருந்தால்தான் அதிசயம். வந்தால் முதலில் மண்டோரிடம் போகும், அங்கிருந்து கிராணியிடம், கடைசியில் ஆபீசுக்கு. சில தோட்டங்களில் கோவில் கமிட்டியே பஞ்சாயத்து பேசி முடித்துவிடும். நிர்வாகத்தின் கணக்கு வேறு. இரவெல்லாம் மனைவியை அடித்தவன் விடியற்காலைப் பெரட்டுக்கு வந்து நின்றுவிட்டால் அவன் நல்ல தொழிலாளி. யாருக்கும் தொல்லை தராத சங்கக்காரன் எதிர்த்து ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் வேலை போகும், கூடவே வீடும் போகும். வீட்டைப் பிடுங்குவது தொல்லைக்குத் தண்டனையாக இருந்ததைவிட, கீழ்ப்படியாமைக்குத் தண்டனையாக இருந்ததுதான் அதிகம். தோட்டத்தில் வளர்ந்த தலைமுறை இன்றும் அரசாங்க அலுவலகத்தில் புகார் எழுதக் கூசுவதற்கு இந்தப் பழைய பயமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

பிறகு நடந்தது தெரிந்த கதை. தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கிச் சிலவற்றை மீட்டார். 1980-களுக்குப் பிறகு வந்த மேம்பாட்டு அலையைத் தடுக்க அப்படி எதுவும் இல்லை. லயத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் முதலில் புறம்போக்குக் குடிசைகளுக்கும், அங்கிருந்து மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் போயின. 2001 மார்ச்சில் கம்போங் மேடான் கலவரத்தில் 6 பேர் இறந்தபோதுதான், இந்த இடப்பெயர்ச்சி எப்படிப்பட்ட குடியிருப்புகளை உருவாக்கி வைத்திருக்கிறது என்று நாடு திரும்பிப் பார்த்தது.

சுங்கை பெசாரிலும் செகிஞ்சானிலும் கண்ணுக்கு எட்டிய வரை வயல்தான். பி.பி.ஆர். எனப்படும் 17, 18 மாடி அரசு வாடகைக் கட்டடங்கள் தெற்கே இருக்கின்றன: கோத்தா டாமன்சாரா, லெம்பா சுபாங், அதைத் தாண்டினால் கோலாலம்பூர். வடக்கில் வேலை இல்லாமல் கிள்ளான் பள்ளத்தாக்குக்குப் போன பிள்ளைகளில் எத்தனையோ பேர் அங்கே குடித்தனம் நடத்துகிறார்கள். மாதம் 124 வெள்ளி வாடகை, மூன்று அறை, 700 சதுர அடி. இன்றைய விலைவாசியில் அந்த வாடகை வரம் மாதிரி. அதனாலேயே அங்கிருந்து ஒரு குடும்பத்தை வெளியேற்றுவது சாதாரணத் தண்டனை இல்லை. 124 வெள்ளி வீட்டை இழந்தவருக்கு அடுத்த வீடு பல நூறு வெள்ளிக்குத்தான் கிடைக்கும்.

தொல்லை என்று பொதுவாகச் சொல்கிறோம். அதற்குள் ஒன்றோடு ஒன்று ஒட்டாத பல விஷயங்கள் இருக்கின்றன. நடுராத்திரியில் சைலன்சரைக் கழற்றிய மோட்டார், கல்யாண வீட்டு ஒலிபெருக்கி, நடைபாதையை அடைத்து வைத்த பழைய அலமாரி ஒரு பக்கம். மின்தூக்கிக்குள் சிறுநீர், படிக்கட்டில் கெத்தும் தண்ணிப் பொட்டலம், கார் நிறுத்துமிடத்தில் சம்சு போத்தல் இன்னொரு பக்கம். இதற்கு மேலே சாபு போதைப்பொருள் விற்பனை, வட்டிக்காரனின் சிவப்புச் சாயம், கும்பல் மிரட்டல். முதல் வகைக்குப் பேச்சு போதும். இரண்டாவது வகையைத் துப்புரவும் கண்காணிப்பும் அபராதமும் குறைக்கும். மூன்றாவது போலீஸ் வேலை. மூன்றையும் ஒரே புகார்ப் புத்தகத்தில் எழுதி, மூன்றுக்கும் ஒரே எச்சரிக்கைக் கடிதத்தை அனுப்பினால் கடிதத்துக்கு மரியாதை போய்விடுகிறது.

மேலிருந்து பொருள் எறிவதைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2018 சனவரியில் பந்தாய் டாலாம் பி.பி.ஆர். அடுக்குமாடியில், கடைக்குப் போய்விட்டு அம்மாவோடு திரும்பிக்கொண்டிருந்த 15 வயதுத் தமிழ்ப் பையன் மேலிருந்து விழுந்த அலுவலக நாற்காலி தாக்கி இறந்தான். அதுவரை “மேலே இருந்து குப்பை போடுகிறார்கள்” என்பது எல்லா அடுக்குமாடிகளிலும் சலித்துப்போன புகார். பம்பர்ஸ், மீன் கழுவிய தண்ணீர், உடைந்த ஜாடி என்று விழுந்துகொண்டே இருந்தது, கேட்பாரில்லை. சின்னத் தொல்லைகளைக் கண்டும் காணாமல் விட்டால் அவை சின்னதாகவே இருக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. எறிந்தவரைக் கண்டுபிடிப்பதும் லேசில்லை. ஒரு தொகுதியில் 300 வீடுகள், எல்லாவற்றிலும் ஒரே மாதிரி சன்னல். எந்தச் சன்னல் என்று தெரியாத வரை சட்டம் கையைக் கட்டிக்கொண்டுதான் நிற்கும்.

சட்டம் இல்லாமல் இல்லை. தண்டனைச் சட்டத்தின் 290-ஆம் பிரிவு பொதுத் தொல்லைக்கு 400 வெள்ளி வரை அபராதம் விதிக்கிறது. வாங்கிய அடுக்குமாடிகளுக்கு 2013-இன் அடுக்குமாடி நிர்வாகச் சட்டம் இருக்கிறது. அதன் கீழ் குடியிருப்போரின் நிர்வாக அமைப்பு விதி மீறியவருக்கு 200 வெள்ளி வரை அபராதம் போடலாம், பூசல்களுக்கு நடுவர் மன்றமும் உண்டு. ஆனால் கட்டடம் முழுவதும் அரசுக்கே சொந்தமாகி, குடியிருப்பவர் எல்லாரும் வாடகைக்காரராக இருக்கும் இடத்தில் அப்படி ஒரு கூட்டு நிர்வாகம் அமைய வழியில்லை. வாடகை ஒப்பந்தம் ஒன்றுதான் கையில் இருக்கும் ஆயுதம். ஒப்பந்தத்தின்படி கடிதம் அனுப்பலாம், இல்லையென்றால் வீட்டைக் காலி செய்யச் சொல்லலாம். தனியார் வீட்டுக்காரரானாலும் நீதிமன்றம் போகாமல் வாடகைக்காரரை வெளியேற்ற முடியாது, 1950-ஆம் ஆண்டின் சட்டமே அப்படித்தான் சொல்கிறது. பாதிக்கப்பட்டவர் போலீசுக்குப் போனால் “இது வீட்டு நிர்வாகத்தின் விஷயம்” என்கிறார்கள், நிர்வாகத்திடம் போனால் “போலீஸ் ரிப்போர்ட் எடுத்து வா” என்கிறார்கள். ஏணியின் முதல் படியும் கடைசிப் படியும் இருக்கின்றன. நடுப் படிகள் இல்லை. நம் நாட்டில் இந்தப் பிரச்சினையின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து.

2025-இல் நாடாளுமன்றம் குப்பை தொடர்பான சட்டத்தில் செய்த திருத்தம் ஒரு நடுப் படியைக் கொண்டுவந்திருக்கிறது. பொது இடத்தில் குப்பை போட்டு மாட்டியவருக்கு நீதிமன்றம் 2,000 வெள்ளி வரை அபராதத்தோடு 12 மணி நேரம் வரை சமூகச் சேவையும் விதிக்கலாம். பணமில்லாதவனுக்குப் பணத் தண்டனை விதித்துப் பயனில்லை என்று தெரிந்து செய்த ஏற்பாடு இது. தன் வீட்டுக் கீழ்த்தளத்தைத் தானே கூட்டினால் யாருடைய குடும்பமும் தெருவுக்கு வராது.

வெளிநாடுகள் இந்த நடுப் படிகளை வேறு வேறு விதமாகக் கட்டிப் பார்த்தன. ஹாங்காங் சார்ஸ் நோய் வந்து போன 2003-இல் புள்ளி முறையைக் கொண்டுவந்தது. துப்புவது, குப்பை எறிவது என ஒவ்வொரு தவறுக்கும் புள்ளி, இரண்டு ஆண்டில் 16 சேர்ந்தால் வாடகை ஒப்பந்தம் ரத்து. இதில் பிடித்த அம்சம், எத்தனை புள்ளி சேர்ந்திருக்கிறது, இன்னும் எவ்வளவு தூரம் இருக்கிறது என்று குடியிருப்பவருக்கே தெரியும் என்பது. காலம் போனால் பழைய புள்ளி கழிந்தும் போகும். சிங்கப்பூர் உயரத்திலிருந்து பொருள் எறிவோரின் வீட்டையே எடுத்துக்கொள்ளலாம் என்று விதி வைத்திருக்கிறது. அந்த விதி எத்தனை முறை பயன்பட்டது என்பதைவிட, எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது என்பதில்தான் அதன் வேலை நடக்கிறது.

பிரிட்டன் 1998-இல் சமூக விரோத நடத்தைத் தடையாணைகளை அறிமுகப்படுத்தியது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 24,000 ஆணைகள் போட்டார்கள், பாதிக்கு மேல் மீறப்பட்டன. ஆணை வாங்கியதைப் பையன்கள் பதக்கம் மாதிரி சொல்லிக்கொண்டார்கள் என்று அந்த ஊர்ப் பத்திரிகைகளே கேலி செய்தன. 2014-இல் புதுச் சட்டம் வந்து அவற்றை மாற்றியது. அமெரிக்கா இன்னும் கடுமையாகப் போனது. பேரனோ விருந்தாளியோ போதைப்பொருளோடு பிடிபட்டால், தனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லும் பாட்டியையும் பொது வீட்டிலிருந்து வெளியேற்றலாம் என்று 2002-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள் நம் பெரியவர்கள். இங்கே அம்பைக்கூட நோகவில்லை, அம்பு பக்கத்தில் கிடந்த பாவத்துக்குப் பாட்டியை நொந்தார்கள்.

இதற்கு நேர் எதிராக ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் 1996-இல் ஒரு முயற்சி தொடங்கியது. அக்கம்பக்கம் முழுவதும் புகார் சொல்லி, வீட்டை விட்டு விரட்டப்படும் நிலையில் இருந்த குடும்பங்களைத் தேர்ந்தெடுத்து, சிலரை ஊழியர்கள் கூடவே தங்கியிருக்கும் கட்டடத்தில் குடிவைத்தார்கள். பிள்ளையைப் பள்ளிக்கு எழுப்பி அனுப்புவதிலிருந்து குடிநோய்ச் சிகிச்சை வரை கூடவே இருந்து பார்த்தார்கள். கிளாஸ்கோ பல்கலைக்கழகம் 2001-இல் அதை மதிப்பிட்டபோது, பெரும்பாலான குடும்பங்கள் தேறியிருந்தன. விரட்டி, மறுபடி குடிவைத்து, பிள்ளைகளை அரசுக் காப்பகத்தில் வளர்க்கும் செலவோடு பார்த்தால் இது ஒன்றும் கூடுதல் இல்லை என்றும் தெரிந்தது. மெனக்கெட வேண்டிய வேலை. அதனால்தான் அரசியல்வாதிகளுக்கு இது பிடிப்பதில்லை, மேடையில் சொல்ல ஒரு வரி கிடைக்காது.

தமிழ்நாட்டின் பாடம் வேறு மாதிரி. சென்னைக் கூவம் கரையிலும் கடற்கரையிலும் இருந்தவர்களை 2000 முதல் ஊருக்கு வெளியே கண்ணகி நகரில் கொண்டுபோய்க் குடிவைத்தார்கள். 15,000-க்கு மேற்பட்ட வீடுகள், பிழைப்பு இருந்த இடத்திலிருந்து எவ்வளவோ தூரம். சில ஆண்டுகளில் கண்ணகி நகர் என்றாலே குற்றம் என்று முத்திரை விழுந்தது. வேலைக்கு மனுப் போடும் பிள்ளைகள் முகவரியை மாற்றிச் சொல்ல வேண்டியிருந்தது. தவறு செய்த நூறு பேரைப் பிடிக்காமல், செய்யாத பல்லாயிரம் பேரை முகவரியால் தண்டித்தார்கள். 2025-இல் பஹ்ரைனில் ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியில் கண்ணகி நகர்ப் பெண் ஒருவர் இருந்த பிறகுதான் சில பத்திரிகைகள் அந்த ஊரின் பெயரை வேறு பக்கத்தில் அச்சடித்தன. நம் நாட்டிலும் “பி.பி.ஆர். பிள்ளை” என்ற சொல் அதே வேலையைத்தான் செய்கிறது.

இந்த விவாதத்தில் வீட்டுக்காரரின் தொல்லையை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. மூன்று மின்தூக்கியில் இரண்டு மாதக்கணக்கில் ஓடவில்லை என்றால், 15-ஆவது மாடியில் இருக்கும் சர்க்கரை நோயாளி மூதாட்டி வீட்டுக்குள்ளேயே சிறைப்பட்டவர்தான். படிக்கட்டில் விளக்கு எரியாத இடத்தில்தான் பையன்கள் கூடுகிறார்கள். குப்பை வண்டி வராத வாரத்தில்தான் சன்னல் வழியே பை பறக்கிறது. பழுது பார்க்காத நிர்வாகத்துக்கு ஒழுங்கைப் பற்றிக் கடிதம் எழுதும் தகுதி குறைவு. வாடகை பாக்கி இருப்பதால் பழுது பார்க்க முடியவில்லை என்று அது சொல்லும், பழுது பார்க்காததால் வாடகை கட்டவில்லை என்று குடியிருப்பவர் சொல்வார். யாராவது ஒருவர் முதலில் இறங்கி வர வேண்டும். சம்பளம் வாங்குபவர் இறங்கி வரட்டும்.

இன்னொரு சங்கடத்தை இந்தத் துறையில் எழுதுவோர் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். “பக்கத்து வீட்டில் எப்போதும் சத்தம்” என்ற புகாரின் பின்னால் அடிபடும் பெண் இருப்பது உண்டு. கணவன் குடித்துவிட்டு வந்து கதவை உடைக்கிறான், தட்டு பறக்கிறது, பிள்ளைகள் அலறுகின்றன. நிர்வாகத்தின் பதிவேட்டில் அது சத்தத் தொல்லை. எச்சரிக்கைக் கடிதம் வீட்டுக்கு வருகிறது, வாங்கிக் கையெழுத்துப் போடுபவள் அவள்தான். மூன்றாவது கடிதத்தில் ஒப்பந்தம் ரத்தானால் அடி வாங்கியவளும் பிள்ளைகளும் தெருவுக்குப் போகிறார்கள், அடித்தவன் தாய் வீட்டுக்குப் போய்விடுகிறான். நம்மிடம் 1994-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் இருக்கிறது. 2017-இல் அதைத் திருத்தி, சமூக நல அதிகாரியே ஏழு நாளுக்கு அவசரப் பாதுகாப்பு ஆணை கொடுக்கலாம் என்று ஆக்கினார்கள். வீட்டு நிர்வாக அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். வாடகை ஒப்பந்தத்தை மனைவி பெயருக்கு மாற்றி, தொல்லை தந்தவனை மட்டும் வெளியே அனுப்ப வழி இருக்க வேண்டும். குடும்பத் தலைவன் பெயரில்தான் வீடு என்ற தோட்டத்துப் பழக்கம் அடுக்குமாடிக்கும் கூடவே வந்துவிட்டது.

கும்பல்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2013-இல் உள்துறை அமைச்சு 49 கும்பல்களைப் பட்டியலிட்டபோது அதில் நம் பிள்ளைகள் எவ்வளவு பேர் என்பது சமுதாயத்தையே தலைகுனிய வைத்தது. அவர்களை எதிர்த்துக் குடியிருப்போர் சங்கம் கடிதம் எழுத வேண்டும் என்று எதிர்பார்ப்பது கொடுமை. சாட்சி சொல்பவர் மறுநாளும் அதே மின்தூக்கியில்தான் ஏற வேண்டும். பெயர் வெளியே தெரியாமல் புகார் கொடுக்கும் வழியும், அதைக் கேட்டு நடவடிக்கை எடுக்கும் போலீசும் இல்லாமல் இந்த வகைத் தொல்லை தீராது.

பேச்சால் தீரக்கூடியவற்றுக்கு நம்மிடம் ஆட்கள் உண்டு. 1975-இல் இரவுக் காவலுக்காகத் தொடங்கிய ருக்குன் தெத்தாங்கா இப்போது அண்டை வீட்டுப் பூசல்களைப் பேசித் தீர்க்கச் சமூக நடுவர்களைப் பயிற்றுவிக்கிறது. சிலாங்கூரில் மாநில அரசு நியமித்த இந்தியச் சமூகத் தலைவர்கள் இருக்கிறார்கள். கோவில் கமிட்டி எப்போதும் இருக்கிறது. ஆனால் கமிட்டியில் பெண்கள் அரிது, தலைவர் தொல்லைக்காரனுக்கு மாமனாகவோ மச்சானாகவோ இருப்பதும் உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் மலாய்க்காரராகவோ வங்காளதேசத் தொழிலாளியாகவோ இருந்தால் கோவில் வாசலில் பஞ்சாயத்து நடக்காது. பயிற்சி பெற்ற, அந்தக் குடியிருப்புக்கு வெளியே இருந்து வரும் நடுவர்தான் பொருத்தம். பஞ்சாயத்து பேசி முடிந்ததை எழுதி இருவரும் கையெழுத்திடவும் வேண்டும். வாய்ப்பேச்சு அடுத்த தீபாவளி வரைதான் நிற்கும்.

வடக்கே இதெல்லாம் எதற்கு என்று சுங்கை பெசார் வாசகர் கேட்கலாம். மேற்குக் கரை நெடுஞ்சாலை பந்திங்கிலிருந்து தைப்பிங் வரை நம் கடலோரத்தை ஒட்டித்தான் போகிறது. சபாக் பெர்ணம் மேம்பாட்டு வட்டாரம் என்று மாநில அரசு தனித் திட்டம் வைத்திருக்கிறது. சாலை வந்தால் நிலத்தின் விலை ஏறும், நிலத்தின் விலை ஏறினால் தோட்டம் கைமாறும், லயங்கள் காலியாகும். மேரி, நைஜல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மிஞ்ஞாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் 245 குடும்பங்கள் சொந்த வீட்டுக்காகப் பல ஆண்டுகள் போராடித்தான் பெஸ்தாரி ஜெயாவில் நிலமும் அரசு நிதியும் பெற்றன. எல்லாத் தோட்டத்தாருக்கும் அது கிடைக்காது. பலருக்கு வாடகை அடுக்குமாடிதான் வரும். அது கட்டப்படும் முன்பே ஒப்பந்தத்தில் என்ன எழுதப்படும் என்று கேட்பதற்கு இதுதான் நேரம். தவறுக்கும் தண்டனைக்கும் நடுவே எத்தனை படி, குற்றம் செய்யாத மனைவிக்கும் பெற்றோருக்கும் என்ன பாதுகாப்பு, மின்தூக்கி நின்றால் நிர்வாகத்துக்கு என்ன தண்டனை என்று மாவட்ட மன்ற உறுப்பினரிடமும் சட்டமன்ற உறுப்பினரிடமும் இப்போதே கேட்டு வையுங்கள்.

இப்போதே தொல்லையில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நடந்ததைத் தேதி, நேரம், இடத்தோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். “எப்போதும் சத்தம்” என்று எழுதாதீர்கள், இரவு எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் என்று எழுதுங்கள். புகாரை எழுத்தில் கொடுத்து, நகலில் அலுவலக முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆளைப் பற்றியோ இனத்தைப் பற்றியோ எழுதாமல் செயலைப் பற்றி மட்டும் எழுதிய புகாரைத்தான் நடுவரும் நீதிமன்றமும் கையில் எடுக்கும்.